ஹீமோகுளோபின் 8.4, பித்தப்பையில் மூன்று கற்கள்: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

வெண்மேகம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 38 வயது. ஒரு வருடமாகவே சாப்பிட்ட பிறகு மேல்வயிற்றில் இறுக்கிப் பிடிப்பது போல வலி வரும், ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கும், போய்விடும். வாயு என்று நினைத்தே நாளைக் கடத்திவிட்டேன். போன வாரம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4, ஃபெரிட்டின் (உடலில் இருக்கும் இரும்பின் கையிருப்பு) 6. வயிற்று ஸ்கேனில் பித்தப்பைக்குள் மூன்று கற்கள், பெரியது 9 மில்லிமீட்டர்.

அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். "கல் இருப்பதால்தான் ரத்தம் குறைகிறது, பையை எடுத்துவிட்டால் தானாக ஏறிவிடும்" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால், இரும்புச்சத்து குறைவதால்தான் கல் உண்டாகிறது என்று தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். எது முன்னால், எது பின்னால்? முதலில் எதற்கு வைத்தியம் பார்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

இளவேனில் எழுதியது:

எனக்கும் இரண்டும் சேர்ந்துதான் இருந்தன. பித்தப்பையை எடுத்து நான்கு வருடம் ஆகிறது. வலி அன்றோடு போனது. ஆனால் ரத்தம் ஏறவில்லை, 9-லேயே நின்றது. மாதவிடாயில் அதிகமாக ரத்தம் போவதற்குச் சிகிச்சை எடுத்த பிறகுதான் ஏறியது. எனவே எடுத்தால் தானாக ஏறிவிடும் என்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நுண்ணோக்கி எழுதியது:

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன். சகோதரி, முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரத்தசோகை என்பது ஒரே நோய் அல்ல. அதில் ஒரு வகைக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் மிக உறுதியான தொடர்பு உண்டு. ஆனால் அந்த வகை இரும்புச்சத்துக் குறைவு அல்ல.

சிவப்பணு சராசரியாக 120 நாள் வாழும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த அணு பலவீனமாக இருந்து சீக்கிரம் சிதைந்துவிடும். தலசீமியா, அரிவாள் அணு நோய், சிவப்பணு உருண்டையாகிப்போகும் பரம்பரை நோய் எல்லாம் இதில் சேர்த்தி. சிதையும் அணுவிலிருந்து வெளிவரும் நிறமிதான் பிலிருபின். அளவுக்கு மீறி வரும்போது பித்தத்தில் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கறுப்புக் கல்லாகப் படியும். ரத்தசோகை முன்னால், கல் பின்னால் என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடம் இது.

மற்றபடி, பித்தப்பைக் கற்களில் பெரும்பாலானவை கொலஸ்ட்ராலால் ஆனவை. அவை உருவாகும் கதை வேறு.

ஆகவே உங்கள் அறிக்கையில் இருக்கும் மற்ற எண்களையும் போடுங்கள்: எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு), சிவப்பணு எண்ணிக்கை, பிலிருபின், ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான சிவப்பணு) எண்ணிக்கை பார்த்திருந்தால் அதுவும்.

வெண்மேகம் எழுதியது:

உடனே பதில் தந்ததற்கு நன்றி. எம்சிவி 68. சிவப்பணு 39 லட்சம். மொத்த பிலிருபின் 0.6. ரெட்டிகுலோசைட் பார்க்கவில்லை.

நுண்ணோக்கி எழுதியது:

சரி, இது தெளிவாகவே இருக்கிறது. அணுக்கள் அளவில் சிறுத்திருக்கின்றன. தலசீமியாக் கூறு உள்ளவர்களுக்கும் (அந்த மரபணுவைச் சுமப்பவர்கள்) அணு சிறுத்துத்தான் இருக்கும். ஆனால் அவர்களுக்கு எண்ணிக்கை குறையாது, பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் (பத்து லட்சக் கணக்கில்) வகுத்துப் பார்ப்போம்: 68-ஐ 3.9-ஆல் வகுத்தால் 17-க்கு மேல் வருகிறது. 13-க்குக் கீழே வந்தால்தான் தலசீமியாக் கூறு என்று சந்தேகப்படுவோம். இது ஒரு தோராயக் கணக்குதான், முடிவு அல்ல. ஆனால் உங்களுக்கு ஃபெரிட்டினே 6. அது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண். 15-க்குக் கீழே போனாலே சேமிப்பு காலி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிலிருபினும் ஏறவில்லை, அணுக்கள் சிதைவதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். பித்தப்பை வீங்கிக் காய்ச்சலோடு படுத்திருக்கும் நேரத்தில் எடுத்த ஃபெரிட்டின் 60 என்று வந்தால், அதை வைத்து இரும்புக் குறைவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஏறிய எண் ஏமாற்றலாம். 6 என்று இறங்கிய எண் ஏமாற்றாது.

மலைத்தேன் எழுதியது:

நுண்ணோக்கி அண்ணா சொன்ன, அணு சிதையும் வகை என் மகளுக்கு. அவளுக்கு ஏழு வயதிலிருந்து ரத்தம் குறைவு. யாரிடம் காட்டினாலும் இரும்பு டானிக்தான் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் கொடுத்தேன். பல் கறுத்ததும் மலச்சிக்கல் வந்ததும்தான் மிச்சம், ரத்தம் ஏறவே இல்லை. அவ்வப்போது கண் லேசாக மஞ்சளாகும், அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 13 வயதில் தாங்க முடியாத வயிற்று வலி. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல்.

அங்கே இருந்த ஓர் இளம் மருத்துவர்தான், "இந்த வயதில் ஏன் கல் வரவேண்டும்?" என்று கேட்டார். ஒரு கேள்விதான். அதன் பிறகு எடுத்த பரிசோதனையில் சிவப்பணு உருண்டையாகும் பரம்பரை நோய் என்று தெரிந்தது. மண்ணீரல் பெருத்திருந்தது. ஃபெரிட்டின் குறையவே இல்லை. குறையாத சத்தையே வருடக்கணக்கில் ஊட்டியிருக்கிறேன். என் தம்பிக்கும் அதே நோய் இருப்பது அப்புறம்தான் வெளியே வந்தது.

சிறு வயதுப் பிள்ளைக்கு ரத்தசோகையும் கல்லும் சேர்ந்து இருந்தால் பிலிருபினும் ரெட்டிகுலோசைட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபெரிட்டின் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு கொடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உள்மருத்துவன் எழுதியது:

பொது மருத்துவத்தில் இருக்கிறேன். வெண்மேகம் கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இரும்பு குறைந்தால் கல் வரும்" என்பது யாரோ கிளப்பிவிட்ட கதை இல்லை, அதற்கு ஓர் ஆய்வுப் பின்னணி இருக்கிறது. 1990-களில் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் குழு புல்வெளி நாய்களுக்கு எட்டு வாரம் இரும்பு குறைந்த தீனி கொடுத்துப் பார்த்தது. பெயரில்தான் நாய். உண்மையில் அது வளை தோண்டி வாழும் கொறிவிலங்கு, பித்தக்கல் ஆய்வுகளுக்கு வெகுகாலமாகப் பயன்படுவது. இரும்பு கிடைக்காத விலங்குகளின் பித்தத்தில், கிடைத்தவற்றைவிட மிக அதிகமாகக் கொலஸ்ட்ரால் படிகங்கள் தென்பட்டன. கல்லுக்கு முதல் படி அந்தப் படிகம்தான்.

ஏன் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் முக்கியமான நொதி ஒன்று கல்லீரலில் இருக்கிறது. அதன் நடுவில் இரும்பு உட்கார்ந்திருக்கிறது. இரும்பு குறைந்து அந்த நொதி மந்தமானால் கொலஸ்ட்ரால் மிஞ்சும், அதைக் கரைத்து வைக்கும் பித்த அமிலம் குறையும். தண்ணீர் குறைவாக ஊற்றிய பாகு போலப் பித்தம் கெட்டிப்படும். இது முதல் விளக்கம். இரண்டாவது, பித்தப்பைச் சுவரும் பித்தம் குடலுக்குள் இறங்கும் வாயில் தசையும் ஒழுங்காகச் சுருங்கி விரிய நைட்ரிக் ஆக்சைடு வேண்டும். அதைத் தயாரிக்கும் நொதிக்கும் இரும்பு தேவை. இரும்புக் குறைவான விலங்குகளின் பித்தப்பையில் அந்த நொதி குறைந்திருந்ததை அதே ஆய்வுத் தொடரில் கண்டார்கள். ஓடாமல் தேங்கிய பித்தத்தில்தானே எதுவும் படியும்.

கேட்கும்போது கச்சிதமாகப் பொருந்துகிறது. எனக்கே மாணவப் பருவத்தில் படித்தபோது பெரிய உற்சாகம். ஆனால் மனிதர்களிடம் வந்தால் படம் கலங்குகிறது. கல் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் அருகருகே வைத்துப் பார்த்த மருத்துவமனை ஆய்வுகள் சிலவற்றில், கல் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் இரும்பு குறைவாக இருந்தது. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். அதிலும் அடிப்படையான ஒரு சிக்கல்: யாருக்கு இரும்பு அதிகம் குறைகிறது? மாதவிடாய் வயதில் இருக்கும், பிள்ளை பெற்ற பெண்களுக்கு. யாருக்குக் கொலஸ்ட்ரால் கல் அதிகம்? அதே பெண்களுக்கு. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் பித்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது, புரோஜெஸ்டிரான் பித்தப்பையைச் சோம்பலாக்குகிறது. அதே கர்ப்பம் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பையும் கேட்கிறது. ஆக ஒரே கர்ப்பம் இரண்டையும் கொண்டுவருகிறது. ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்று சொல்வதற்கு முன் அந்த மூன்றாவது ஆளைத் தேட வேண்டும்.

இப்படி மூன்றாவது ஆட்கள் இன்னும் உண்டு. பருமன் உள்ளவர்களுக்குக் கல்லும் வரும். கூடவே லேசான அழற்சியால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை உள்ளே விடாது. எடை குறைக்க இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களுக்கு, எடை வேகமாக இறங்குவதால் கல், இரும்பு உறிஞ்சும் முன்சிறுகுடலை உணவு தாண்டிப் போவதால் ரத்தசோகை. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில் குடல் சுவர் தேய்ந்து இரும்பு ஏறாது, பித்தப்பையைச் சுருங்கச் சொல்லும் ஹார்மோனும் சரியாகச் சுரக்காது. குடலில் அழற்சி உண்டாக்கும் க்ரோன் நோய் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கினால் பித்த உப்பு வீணாகிக் கல் வரும், குடல் புண்ணால் ரத்தமும் போகும்.

எதிர்த் திசையிலும் ஒரு தகவல் இருக்கிறது. அமெரிக்காவில் பல்லாயிரம் ஆண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அதில் இறைச்சி வழியாக வரும் இரும்பை அதிகம் உண்டவர்களுக்குத்தான் பித்தப்பைக் கல் நோய் கூடுதலாக இருந்தது. ஆகவே "இரும்பு குறைந்தால் கல்" என்று ஒற்றை வரியில் எழுதுபவர்களை அப்படியே நம்ப வேண்டாம்.

உங்கள் அறுவை மருத்துவர் சொன்னதற்கு வருகிறேன். பித்தப்பைக்குள் இருக்கும் கல் சாதாரணமாக ரத்தத்தைக் குறைக்காது. கல் பித்தப்பைச் சுவரை அரித்து ரத்தம் கசிவது மிக அரிது. ஃபெரிட்டின் 6 என்றால் இரும்பு எங்கோ வெளியே போகிறது, அல்லது உள்ளே வரவில்லை. அது எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்லைக் காரணம் காட்டி அந்தத் தேடலை நிறுத்தக் கூடாது. நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான முன்னுரை.

பசும்புல் எழுதியது:

அப்படியானால் இரும்பு மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்த நொதி சரியாகி, கல் கரைந்துவிடாதா? கத்தி வைக்காமல் முடித்துவிடலாமே?

உள்மருத்துவன் எழுதியது:

கரையாது, நண்பரே. உருவாகிவிட்ட கல்லை இரும்பு கரைத்ததாக எந்தச் சான்றும் இல்லை. பித்த அமில மாத்திரை ஒன்று உண்டு. அதுவும் சுண்ணாம்பு ஏறாத சிறிய கொலஸ்ட்ரால் கற்களில்தான் கொஞ்சம் வேலை செய்யும், பல மாதம் ஆகும், நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். கறுப்புக் கல்லை அது தொடவே தொடாது. வலி இல்லாத கல்லை அப்படியே விட்டுவிடலாம், பெரும்பாலானோருக்கு அது வாழ்நாள் முழுவதும் தொந்தரவு தராது. வலி வந்துவிட்டால் பித்தப்பையை எடுப்பதுதான் நிரந்தர வழி. வெண்மேகத்துக்கு வலி இருக்கிறது. ஆகவே எடுக்கத்தான் வேண்டியிருக்கும், ஆனால் 8.4-ஐ வைத்துக்கொண்டு அவசரமாக அல்ல. காய்ச்சல், மஞ்சள் காமாலை, விடாத வலி வந்தால் மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நெடுவழி எழுதியது:

மேலே "தேடலை நிறுத்தக் கூடாது" என்று எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பாவுக்கு 64 வயதில் ஹீமோகுளோபின் 9. அசதி, கால் வீக்கம். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பைக் கல். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது, காரணம் கிடைத்துவிட்டதே என்று. பித்தப்பையை எடுத்தார்கள், இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் கொஞ்சம் ஏறியது, நாங்களும் மறந்துபோனோம். பதினொரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 7. அப்போதுதான் பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வலது பக்கம், பெருங்குடலின் தொடக்கத்தில் புற்றுநோய். கல்லீரலுக்கும் போயிருந்தது.

அந்த இடத்தில் கழிவு இன்னும் நீர்த்தே இருக்கும், ஆகையால் சீக்கிரம் அடைக்காது, ரத்தம் கலந்து போவதும் கண்ணுக்குத் தெரியாது, ரத்தசோகை மட்டும்தான் முதல் அறிகுறியாக வரும் என்று பிறகு விளக்கினார்கள். அப்பாவுக்குக் கல் இருந்தது உண்மை. அந்தக் கல் அவரை ஒன்றும் செய்யவில்லை. அது கண்ணில் பட்டதால் மற்றதைப் பார்க்காமல் விட்டோம். ஆறு மாதத்தில் போய்விட்டார்.

வெண்மேகம், உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் வயதுக்கு அது அரிது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஏன் குறைந்தது என்று கேட்காமல் விடாதீர்கள்.

உள்மருத்துவன் எழுதியது:

நெடுவழி, மனம் கனத்துவிட்டது. இதை இங்கே எழுதியதற்கு நன்றி.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும்: இரும்புக் குறைவு உறுதியானால் இரைப்பையையும் பெருங்குடலையும் குழாய் விட்டுப் பார்ப்பதுதான் முறை. கல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பித்தப்பைக் கல், உதரவிதானம் வழியாக இரைப்பை மேலே ஏறும் குடலிறக்கம், பெருங்குடல் சுவரில் பை பையாகப் புடைப்பது, இவை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுவதற்கு செயின்ட் என்ற அறுவைப் பேராசிரியரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பின்னால் சொன்ன இரண்டிலிருந்தும் ரத்தம் கசியலாம். ஒரு நோயாளிக்கு ஒரு நோய்தான் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை என்பதே அவர் வலியுறுத்தியது.

நுண்ணோக்கி எழுதியது:

சகோதரி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஒரு வருடம் வாயு வலி என்று இருந்தீர்களே, அதற்கு என்ன சாப்பிட்டீர்கள்? மாதவிடாய் எப்படி?

வெண்மேகம் எழுதியது:

மாதவிடாய் ஐந்து நாள், முன்பு போலத்தான், அதிகம் என்று சொல்ல முடியாது. வலிக்கு டைக்ளோஃபெனாக். முதுகு வலிக்கு முன்பு எழுதிக் கொடுத்தது வீட்டில் இருந்தது. போட்டால் உடனே கேட்கும் என்பதால் வாரத்தில் மூன்று நான்கு நாள் போட்டிருக்கிறேன். சாப்பிட்டால் வலி வருகிறதே என்று பாதி நாள் வெறும் வயிற்றில். இதையெல்லாம் எந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

உள்மருத்துவன் எழுதியது:

அந்த வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள், அது இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். இரைப்பையை எண்டோஸ்கோபியில் பார்க்கச் சொல்லுங்கள், சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போயிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். இரும்பு மாத்திரை தொடங்கிவிட்டால் அதனாலேயே மலம் கறுக்கும், அப்புறம் அந்த அடையாளத்தை நம்ப முடியாது.

வெண்மேகம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வேறு ஒரு மருத்துவரிடம் போய், இந்தப் பக்கத்தில் படித்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். பொறுமையாகக் கேட்டார். எண்டோஸ்கோபியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரு புண், சுற்றிச் சின்னச் சின்ன அரிப்புகள். எச். பைலோரி கிருமியும் இருந்தது. சீலியாக் இல்லை. புண்ணின் ஓரத்திலிருந்து சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் விளக்கியது இது. கல்லால் வலி, வலிக்கு மாத்திரை, மாத்திரையாலும் கிருமியாலும் புண், புண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் ரத்தக் கசிவு. இத்தனை கை மாறித்தான் என் கல் என் ரத்தத்தைக் குறைத்திருக்கிறது. முதல் மருத்துவர் சொன்னபடி நேராகப் பையை எடுத்திருந்தால், அறுவைக்குப் பிறகும் வலிக்கு அதே மாத்திரையைத்தான் போட்டிருப்பேன்.

கிருமிக்கு 14 நாள் மருந்து முடிந்தது. அமிலம் குறைக்கும் மாத்திரை ஓடுகிறது. அது இரும்பு ஏறுவதைக் குறைக்கும் என்பதால், இரும்பை ஊசி வழியாக இரண்டு தவணையாக ஏற்றினார்கள். இன்றைய ஹீமோகுளோபின் 10.1. மாடிப்படியில் நிற்காமல் ஏறினேன்.

இளவேனில் எழுதியது:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. வலி வந்தால் இப்போது என்ன செய்கிறீர்கள்?

வெண்மேகம் எழுதியது:

பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. எண்ணெய் கொழுப்பைக் குறைத்திருக்கிறேன், வலி இரண்டு தடவைதான் வந்தது. ஹீமோகுளோபின் 12 தொட்டதும் பித்தப்பையை எடுக்கலாம் என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் புண் ஆறிவிட்டதா என்று எட்டாவது வாரத்தில் இன்னொரு எண்டோஸ்கோபி.

மலைத்தேன் எழுதியது:

தங்கையே, ரத்தம் 12 ஆன பிறகும் இரும்பை உடனே நிறுத்திவிடாதீர்கள். ஃபெரிட்டினும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். என் தம்பி மனைவிக்கு ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நிறுத்தி, நான்கே மாதத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

உள்மருத்துவன் எழுதியது:

மலைத்தேன் சொல்வது மிகச் சரி. மாத்திரையாகச் சாப்பிடுபவர்களும் ஹீமோகுளோபின் சரியான பிறகு சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும், அப்போதுதான் சேமிப்பு நிரம்பும். தினம் போட்டு வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வேளை மாத்திரை போட்டதுமே ஹெப்சிடின் ஏறி, அடுத்த வேளை இரும்பு உள்ளே போவதை ஓரளவு தடுத்துவிடும், ஒருநாள் இடைவெளியில் அது இறங்கிவிடும்.

நெடுவழி எழுதியது:

சதைப் பரிசோதனை முடிவு வந்ததா?

வெண்மேகம் எழுதியது:

இன்று காலையில் வந்தது, அண்ணா. புற்று இல்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இங்கே வந்தேன்.